கூடுதலாக ஒருத்தி

துண்டறிக்கையின் கடைசிப் பக்கத்தில்
எறும்பு எழுத்தில் இருந்தது:
தனி அறை கேட்பவர்களுக்குக் கூடுதல் கட்டணம்,
ஒன்பது இரவுக்கு
நாலாயிரத்து எண்ணூறு கொருனா.
குறட்டை விடும் யாரோ ஒருத்தியோடு
அறையைப் பங்கிட்டால் அது மிச்சம்.

கூட்டத்தோடு போடி, என்றாள் க்வேதா,
பெட்டி தொலைந்தால் தேட நாலு பேர்,
பல்வலி வந்தால் மாத்திரைக்கு நாலு பேர்,
படம் எடுக்க உன் கையையே
நீட்டிக்கொண்டு நிற்க வேண்டாம்.

இருபத்திரண்டு வருடமாக
பிர்னோ நகரில் டிராம் ஓட்டுகிறேன்.
முதுகுக்குப் பின்னால் நூற்றைம்பது பேர்,
கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நான் மட்டும்.
தனியாகவா கூட்டமாகவா என்று கேட்டால்
எதைச் சொல்ல?
எங்கே திரும்புவது என்பதைத் தண்டவாளம் பார்த்துக்கொள்ளும்.
வழியில் லிண்டன் மரம் பூத்திருந்தால்
பார்க்கலாம்,
நிற்க முடியாது.

அதனால் தனியாகப் போனேன்.
நிற்பதற்கு.

த்ரியெஸ்தேயில் முதல் நாள்
காற்று என் தொப்பியைப் பிடுங்கிக் கடலுக்குக் கொடுத்தது.
இரண்டாம் நாள்
மீன் வலைமேல் தூங்கிய ஒரு பூனையை
நாற்பது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
யாரும் மணியடிக்கவில்லை.
மூன்றாம் நாள் இரவு உணவகத்தில்
ஒற்றை விரலைக் காட்டினேன்,
கழிப்பறைக் கதவோரம் உட்கார வைத்தார்கள்.
வறுத்த நெத்திலி அவ்வளவு ருசி.
அதைச் சொல்ல ஆள் வேண்டுமே,
பரிமாறுகிறவனிடம் செக் மொழியில் சொன்னேன்.
அவன் போய்
உப்பு கொண்டுவந்தான்.

நான்காம் நாள் காலை
துறைமுகச் சதுக்கத்தில் என் மொழி கேட்டது.
மடக்கிய மஞ்சள் குடையை உயர்த்தியபடி ஒரு வழிகாட்டி,
அவனைச் சுற்றி மழைக்கோட்டுகள்.
ராதோவான், கொஞ்சம் மெதுவாக, என்றார்
காது கேட்காத ஒருவர்.
ஓரமாகப் போய் நின்றேன்.
மூன்று நாளாக நான் சும்மா கடந்துபோன சிலைக்கு
ஒரு கடனும் இரண்டு மனைவிகளும் இருந்தார்கள்.

பேச்சு முடிந்து எண்ணத் தொடங்கினான்.
நாற்பத்து மூன்று.
குடையை அக்குளில் செருகிக்கொண்டு திரும்ப எண்ணினான்.
நாற்பத்து மூன்று.
ஆள் குறைந்தால் பதறத் தெரியும் அவனுக்கு,
கூடினால் என்ன செய்வதென்று
எவரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

என் முகத்தில் வந்து நின்றது விரல்.
"நீங்கள் நம்மோடு வந்தவரா?"
எங்களோடு என்று கேட்டிருக்கலாம்.
நம்மோடு என்றான்.

இல்லை என்பதற்குள்
ப்லாஜெனா என்ற ஒருத்தி டப்பாவைத் திறந்து நீட்டினாள்:
ரொட்டித்தூளில் பொரித்த பன்றி இறைச்சி,
எல்லைகள் தாண்டியும் தீராதது,
கூடவே ஊறிய வெள்ளரி.
நின்றபடியே தின்றேன்.
ஐந்தரைக்கு எழுப்பிவிடுகிறார்கள், என்றாள்,
நேற்று எந்த ஊரென்று
இவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.
நீங்கள் என்ன பார்த்தீர்கள்?
பூனையைச் சொன்னேன்.
"நாற்பது நிமிடமா?"
கேலி செய்யப்போகிறாள் என்று நினைத்தேன்.
டப்பாவை மூடினாள், மறுபடி திறந்தாள்,
இன்னொரு துண்டை என் கையில் வைத்தாள்.
எந்த வலை என்று கேட்டாள்.
காட்டினேன்.
வெறும் வலைதான் கிடந்தது.

பேருந்தில் ஏறியதும் ராதோவான் எண்ணினான்,
நாற்பத்திரண்டு,
முகம் தெளிந்தது.
கதவு மூடும்போது அந்தப் பெருமூச்சு,
நாளைக்கு முந்நூறு முறை நானே விடுவது,
வெளியே நின்று கேட்டதில்லை இதுவரை.

மதியம் க்வேதாவுக்கு அஞ்சலட்டை எழுதினேன்.
காற்று அதிகம், தொப்பி போய்விட்டது,
பல் நன்றாக இருக்கிறது.
இறைச்சி சாப்பிட்டோம்.

சாப்பிட்டேன் என்றல்லவா எழுத வேண்டும்.
பேனா அந்த ஓகாரத்தின் மேல் கொஞ்சம் நின்றது.
அடிக்கவில்லை, தபால்தலையை ஒட்டிவிட்டேன்.
யார் யார் என்று
க்வேதா எண்ணிக்கொள்ளட்டும்.